செயலேற்பு விழுக்காடு: ‘ஒப்புதல் மதிப்பீடு’ என்ற பெயர் ஏன் பொருந்தாது?

அமெரிக்கத் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் தமிழ்ச் செய்திகளில் இப்படியொரு வாக்கியம் தவறாமல் தலைகாட்டுகிறது: ‘அதிபரின் பிராந்திய ஒப்புதல் மதிப்பீடுகள் சரிந்திருப்பதால் இடைத்தேர்தலில் அவரது கட்சிக்குப் பின்னடைவு ஏற்படலாம்.’ இலக்கணப்படி இதில் குறை காண முடியாது. பொருளைப் பார்த்தால் ஏறத்தாழ ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் பிழை. ஆங்கில மூலத்தை அறியாத ஒருவர் இதைப் படித்தால், அதிபர் ஏதோ ஒரு திட்டத்துக்குப் பிராந்தியங்களின் அனுமதியைக் கேட்டார், அவை தர மறுத்துவிட்டன, அதனால் ஒரு தொகுதி காலியாகித் தேர்தல் வருகிறது என்றுதான் விளங்கிக்கொள்வார். ஆங்கிலம் அறிந்தவரோ மனத்துக்குள் ‘அப்ரூவல் ரேட்டிங்’ என்று திருப்பிப் பெயர்த்துப் பொருள் தெளிகிறார். அதிபரின் பணியைச் சரியெனக் கருதுவோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற எண் அது; அதையே தலைப்பில் ‘செயலேற்பு விழுக்காடு’ என்றேன். மூலத்தை மீட்டெடுத்தால்தான் விளங்கும் என்றால் அந்த மொழிபெயர்ப்பு எதற்கு?

சொல்லின் பிறப்பு நெடுங்கதையன்று. ‘ப்ரோபஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்கு ‘நல்ல’ என்று பொருள். அதிலிருந்து ‘நல்லதெனக் கொள்ளுதல்’ என்ற பொருளில் ‘அப்ரோபாரே’ என்ற வினை பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘அப்ரூவ்’ ஆயிற்று. ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு பொருள்கள் வேரூன்றின. அதிகாரம் உடையவர் ஒன்றை நடக்க விடுவது ஒரு பொருள். அதிகாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சரியென்று கருதுவது மற்றது. கோப்பில் கையெழுத்திடும் அதிகாரி செய்வது முதலாவது. கருத்துக் கணிப்பில் விடை சொல்லும் குடிமகன் செய்வது இரண்டாவது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிட்டதே இந்தக் குழப்பத்தின் மூலம். (நீதிமன்றச் செய்திகளில் வரும் ‘அப்ரூவர்’ இதே குடும்பத்துச் சொல்தான்; நல்ல வேளையாக, அதிபருக்கு யாரும் இன்னும் ‘அப்ரூவர் மதிப்பீடு’ எழுதவில்லை.)

அந்தக் குடிமகனிடம் என்ன கேட்கப்படுகிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். ஜார்ஜ் காலப் 1935-இல் தம் கருத்தாய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதிபராக இருந்த அந்தப் பத்தாண்டிலேயே இக்கேள்வி கேட்கப்படலாயிற்று. ‘இன்னார் அதிபராகத் தம் பணியைக் கையாளும் விதத்தை ஏற்கிறீர்களா, ஏற்கவில்லையா?’ என்பதே அதன் சாரம். அதற்கு ஏற்கிறேன், ஏற்கவில்லை, கருத்தில்லை என்ற மூன்று விடைகளே உண்டு; சில கணிப்புகள் மட்டும் ‘முற்றிலும்’, ‘ஓரளவு’ என்று பிரித்துக் கேட்கும். பத்துக்கு இத்தனை என்று எவரும் மதிப்பெண் இடுவதில்லை. ‘ஏற்கிறேன்’ என்றவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே இறுதியில் கிடைக்கும் எண். ஆகவே ‘மதிப்பீடு’ என்பதும் இங்கே மிகை; அது விழுக்காடு, அவ்வளவே.

இனி ‘ஒப்புதல்’. இதை எதிர்ப்பதற்குக் காரணம் இது தமிழல்ல என்பதன்று, நல்ல தமிழ்தான். ஏற்கெனவே வேறொரு வேலையில் அமர்ந்துவிட்ட சொல் என்பதே காரணம். சட்ட முன்வடிவுக்கு ஒப்புதல், வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒப்புதல், கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் என எங்கே வந்தாலும், தருபவர் ஒருவர், பெறுபவர் ஒருவர், தராவிட்டால் காரியம் நின்றுவிடும் என்ற மூன்றும் அச்சொல்லோடு கூடவே வருகின்றன. ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்ற தொடரிலோ குற்றத்தை ஒப்புக்கொள்வது என்ற பொருளும் சேர்ந்துகொள்கிறது. கருத்துக் கணிப்பின் எண்ணுக்கு இந்த வலிமை எதுவும் கிடையாது. ஹாரி ட்ரூமனின் பணியை ஏற்றவர்கள் 1952 பிப்ரவரியில் 22 விழுக்காட்டினர் மட்டுமே. ஆயினும் அவர் 1953 ஜனவரியில் பதவிக்காலம் முடியும் வரை அதிபராகவே இருந்தார். அந்த எண் அவரிடமிருந்து எதையும் பறிக்கவில்லை, பறிக்கவும் முடியாது. ‘மக்கள் ஒப்புதல் 22 விழுக்காடாகக் குறைந்தது’ என்று எழுதினால், ஒப்புதல் இல்லாமல் எப்படிப் பதவியில் தொடர்ந்தார் என்று வாசகர் கேட்பது நியாயம்.

அமெரிக்க அரசியலைப் பற்றி எழுதும்போது இக்குழப்பம் இன்னும் கூடுகிறது, ஏனெனில் உண்மையான ஒப்புதல்கள் அங்கே ஏராளம். அமைச்சர்களையும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் அதிபர் முன்மொழிந்தால் செனட் ஒப்புதல் அளிக்க வேண்டும். அரசமைப்புத் திருத்தம் ஒன்று நடைமுறைக்கு வர 50 மாநிலங்களில் 38 ஒப்புதல் அளிக்க வேண்டும். இப்படியிருக்க, ‘பென்சில்வேனியாவில் அதிபருக்கு ஒப்புதல் குறைந்தது’ என்றால் மாநிலச் சட்டமன்றம் எதையோ நிராகரித்தது என்றல்லவா தோன்றும்? ஒரே செய்தியில் ‘செனட் ஒப்புதல்’, ‘ஒப்புதல் மதிப்பீடு’ இரண்டும் அடுத்தடுத்த பத்திகளில் வரும்போது, எழுதியவருக்கே இரண்டின் வேறுபாடும் தெரியுமா என்ற ஐயம் எழுகிறது. ‘அங்கீகாரம்’ என்று எழுதுவோர் உளர். கட்சிக்கும் கல்லூரிக்கும் தரப்படும் அங்கீகாரத்தை அதிபருக்குத் தருவது இதைவிடப் பொருத்தமற்றது. மேற்கொண்டு வாதாட வேண்டியதில்லை.

கடினமான எதிரி ‘மக்கள் ஆதரவு’. எளிமையாக இருக்கிறது, எவருக்கும் புரிகிறது, செய்தி ஆசிரியர்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் புரிவது தவறான பொருள். தேர்தல் பேச்சில் ‘ஆதரவு’ என்பது வாக்கைக் குறிக்கும். ‘எங்கள் ஆதரவு அவருக்கே’ என்றால் ஓட்டு அவருக்கே. அதிபரின் பணியை ஏற்பதும் அவருக்கோ அவர் கட்சிக்கோ வாக்களிப்பதும் நெருங்கிய தொடர்புள்ள, ஆனால் வெவ்வேறான செயல்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகிக்கலாம்; ஒன்றையே மற்றொன்றாக எண்ணினால் கணக்குத் தவறும். வளைகுடாப் போர் முடிந்த 1991 தொடக்கத்தில் மூத்த ஜார்ஜ் புஷ்ஷின் பணியை 89 விழுக்காட்டினர் ஏற்றனர். அடுத்த ஆண்டு நவம்பரில் அவர் பெற்ற வாக்கு 37 விழுக்காடு. வென்றவர் பில் கிளின்டன். போரை நடத்திய விதத்தை மெச்சியவர்கள் பொருளாதாரத்தைப் பார்த்து மனம் மாறினார்கள் என்பது ஒரு பாதி. மெச்சிய நாளில்கூட அவர்களில் பலர் வாக்கைப் பற்றி நினைத்திருக்கவில்லை, அது பற்றி எவரும் கேட்கவும் இல்லை என்பது மறுபாதி. ‘89 விழுக்காடு ஆதரவு’ என்று பெயரிட்டால் இந்த மறுபாதி மறைந்துபோகிறது.

ஏற்பு பிறருக்குக் கைமாற்றத் தக்கதும் அன்று. 2016 தேர்தலின்போது பராக் ஒபாமாவின் பணியை ஏற்றவர்கள் பாதிக்கு மேல் இருந்தனர். ஆனாலும் அவருடைய கட்சி வேட்பாளர் ஹிலாரி கிளின்டன், நாடு முழுவதுமான வாக்கில் முந்தியும், வெற்றி மாநிலவாரியாகவே கணக்கிடப்படுவதால், விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களைச் சொற்ப வேறுபாட்டில் இழந்து தோற்றார். ஏற்காமையும் அப்படியே எதிர்வாக்காகிவிடுவதில்லை. 2022-இல் வாக்களித்து வெளிவந்தோரிடம் நடத்திய கணிப்பில், ஜோ பைடனின் பணியை ‘ஓரளவு ஏற்கவில்லை’ என்றவர்களில் அவருடைய ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்தவர்களே சற்று அதிகம். அவர்களுக்கு அதிபர்மீது மனக்குறை இருந்தது. எதிர்க்கட்சிமீது அதைவிடப் பெரிய மனக்குறை இருந்தது. அவர்களை ‘ஆதரவற்றோர்’ பட்டியலில் சேர்த்தவர்கள், பைடனின் ஏற்பு 40 விழுக்காட்டை ஒட்டியிருந்த அவ்வாண்டுத் தேர்தலில் நாடாளுமன்றக் கீழவையில் அவர் கட்சி இழந்த இடங்கள் ஏன் 9-ஓடு நின்றன என்று பிறகு வியந்தார்கள்.

அதற்காக இந்த எண் பயனற்றது என்று முடிவுகட்டுவதும் தவறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின், பதவிக்கால நடுவே வரும் தேர்தல்களில் அதிபரின் கட்சி கீழவையில் இடங்களை இழப்பதே வழக்கம். அவ்வழக்கம் மீறப்பட்டது 1998-லும் 2002-லும் மட்டுமே. அவ்விரண்டு ஆண்டுகளிலும் அதிபரை ஏற்றோர் 60 விழுக்காட்டுக்கு மேல் இருந்தனர். ஏற்பு 45 விழுக்காட்டளவில் இருந்த 2010-இல் ஒபாமாவின் கட்சி 63 இடங்களையும், 40 அளவில் இருந்த 2018-இல் டிரம்ப்பின் கட்சி 40 இடங்களையும் இழந்தன. திசையை அந்த எண் சொல்லிவிடுகிறது. இடங்களின் எண்ணிக்கையைச் சொல்வதில்லை. 40-இல் 9 போனது, 45-இல் 63 போனது என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் ‘ஆதரவு சரிந்தது, தோல்வி உறுதி’ என்று எழுதமாட்டார்.

‘பிராந்திய’ என்ற அடைமொழிக்கு வருவோம். அமெரிக்காவில் ‘தென்பகுதி’, ‘மத்திய மேற்கு’ என்று பேசுவது உண்டாயினும், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 538 வாக்காளர் குழு இடங்களும் (தலைநகர் வாஷிங்டனுக்கான மூன்று நீங்கலாக) செனட் இடங்களும் மாநிலங்களின் பெயரிலேயே உள்ளன. எனவே தேர்தலுக்குப் பொருள் தருவது மாநிலவாரிக் கணக்கே. நாடு தழுவிய எண் வேறுபாடுகளை விழுங்கிவிடும்: 2017-இல் டிரம்ப்பின் பணியை மேற்கு வர்ஜீனியாவில் 61 விழுக்காட்டினர் ஏற்றபோது வெர்மான்டில் 26 விழுக்காட்டினரே ஏற்றனர் என்று காலப் நிறுவனம் கணக்கிட்டது. ஆனால் அவை ஓராண்டு முழுவதன் சராசரி. ஒரு வாரத்து நிலவரமன்று. காரணம் எளிது. நாடு முழுவதும் ஆயிரம் பேரைக் கேட்டால் கலிபோர்னியாவிலிருந்து ஏறத்தாழ 120 பேர் வருவர்; வயோமிங்கிலிருந்து இருவர் வந்தால் அதிகம். கணிப்பு எண் உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவான பிழைவரம்பு, ஆயிரம் பேருக்குச் சுமார் 3 புள்ளி; 120 பேருக்கு அது 9 புள்ளியாகிவிடும். ஆகவே மாதக்கணக்கில் சேர்த்துத்தான் மாநில எண்ணைத் தேற்ற முடியும். இல்லையேல் மாநிலத்துக்குள் தனியாகப் போதிய பேரைக் கேட்க வேண்டும். சேர்த்துக் கணக்கிட்ட எண் வெளிவரும்போது அதில் பாதி பழையதாகியிருக்கும். கேட்கப்பட்டோர் வயதுவந்தோர் அனைவருமா, பதிவுபெற்ற வாக்காளர்களா என்பதும் எண்ணை அசைக்கும். இவற்றில் ஒன்றையும் குறிப்பிடாமல் ‘பிராந்தியங்களில் சரிவு’ என்று எழுதுவது சோம்பல்.

மாநில எண்ணும்கூட முழு விடை ஆகாது. 2016-இல் டிரம்ப் 40 புள்ளிகளுக்கு மேலான முன்னிலையில் வென்ற மேற்கு வர்ஜீனியாவில், 2018-இல் ஜனநாயகக் கட்சியின் ஜோ மன்சின் செனட்டராக மீண்டும் வென்றார். அதே நாளில் அதே கட்சியினர் இண்டியானா, மிசூரி, வடக்கு டகோடா ஆகிய மாநிலங்களில் தோற்றனர். அதிபரை ஏற்கும் மாநிலம் அதிபரின் கட்சிக்கே வாக்களிக்கும் என்ற விதி இந்த நான்கு மாநிலங்களில் மும்முறை பலித்தது, ஒருமுறை பொய்த்தது. வேட்பாளரின் தனி மதிப்புக்கும் இடமுண்டு. வரவிருக்கும் 2026 நவம்பர் 3 தேர்தலில் மெய்ன் மாநிலத்தைக் கவனிப்பவர்களுக்கு இது புதிதன்று: 2020-இல் டிரம்ப் தோற்ற அம்மாநிலத்தில் அவர் கட்சியின் சூசன் காலின்ஸ் செனட்டராக வென்றார்.

அத்தேர்தலைத் தமிழில் ‘இடைத்தேர்தல்’ என்பது தனிக்கொடுமை. உறுப்பினர் இறந்தோ விலகியோ காலியான ஓரிடத்துக்கு நடப்பதே இடைத்தேர்தல். இங்கே தேர்தல் நடப்பதோ கீழவையின் 435 இடங்களுக்கும், செனட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும். ‘இடைக்காலத் தேர்தல்’ சற்று மேல். ஆயினும் ஆட்சி கவிழ்ந்து முன்கூட்டியே வரும் தேர்தலுக்கும் அதுவே பெயர். அதிபரின் நான்காண்டுப் பதவிக்காலத்தின் நடுவில் வருவதால் ‘நடுப்பருவத் தேர்தல்’ எனலாம்.

மூலத்தில் உள்ள ‘சரியெனக் கருதுதல்’ என்ற பொருளுக்குத் தமிழில் அணுக்கமான சொல் ‘ஏற்பு’. ஏல் என்ற வேருக்குக் கொள்ளுதல் என்ற பொருளோடு தகுதல் என்ற பொருளும் உண்டு. ‘காலத்துக்கு ஏற்ற’, ‘ஏற்புடைய கருத்து’ என்பவற்றில் அதிகாரம் இல்லை, தகுதி பற்றிய தீர்ப்பு மட்டுமே இருக்கிறது. இதற்கு ஒரு மறுப்பு எழும், அது வலுவானதும்கூட: அதிபரைப் பற்றிப் பேசுமிடத்தில் ‘ஏற்பு’ என்றால் ‘பதவியேற்பு’ நினைவுக்கு வராதா? வரும். அதனால்தான் தனியே ‘ஏற்பு’ என்னாமல் ‘செயலேற்பு’ என்கிறேன். ஏற்கப்படுவது ஆளன்று, அவர் செயல் என்பதும் அதனால் விளங்கும். ஆளைப் பிடிக்குமா என்று தனியாகக் கேட்கும் கணிப்புகளும் உள்ளன. அதற்கு ‘நன்மதிப்பு’ என்ற சொல்லை ஒதுக்கிவைக்கலாம். எதிர்ப்பக்கத்துக்கு ‘ஏலாதோர்’ என்றால் புலவர் மனம் குளிரும், வாசகர் விலகுவர், ‘ஏற்காதோர்’ போதும். ஏற்போரிலிருந்து ஏற்காதோரைக் கழித்து வருவது நிகரச் செயலேற்பு.

விழுக்காடு என்றெழுதத் தொடங்கியபின் ஒரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. செயலேற்பு 45 விழுக்காட்டிலிருந்து 40 ஆனால் அதை ‘5 விழுக்காடு சரிவு’ என்று எழுதுவது ஏறக்குறைய எல்லாச் செய்திகளிலும் காணும் பிழை. சரிந்தது 5 புள்ளி. முன்பு ஏற்றவர்களின் தொகையில் அது 11 விழுக்காடு.