பம்ப் உடைந்தது, பழி தண்ணீருக்கு

அமெரிக்காவில் டிரெய்லர் இழுக்கிற பெரிய டீசல் பிக்கப் வைத்திருப்பவர் யாரிடமாவது ‘சிபி4’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். அது பாஷ் நிறுவனம் செய்த உயர் அழுத்த எரிபொருள் பம்பின் பெயர். வழக்கமாக நடப்பது இதுதான். நெடுஞ்சாலையில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். கட்டி இழுத்துக்கொண்டு போய் டீலரிடம் விட்டால் இரண்டு மூன்று நாளில் போன் வரும்: டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது, இது தயாரிப்புக் குறை இல்லை, அதனால் வாரண்டி கிடையாது, பம்ப், இன்ஜெக்டர், குழாய், டேங்க் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், 10,000 டாலர் ஆகும். இத்தனைக்கும் டீசல் எஞ்சினுக்கு 5 வருஷம் அல்லது 1,00,000 மைல் வாரண்டி என்று அந்த நிறுவனமே எழுதிக் கொடுத்திருக்கும்.

இந்த இடத்தில் பெரும்பாலோர் செய்வது சத்தம் போடுவது, இல்லையென்றால் வக்கீலைத் தேடுவது. இரண்டுக்கும் முன்னால் பம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ‘தண்ணீர் இருந்தது’ என்பதும் ‘தண்ணீரால் உடைந்தது’ என்பதும் வேறு வேறு விஷயம், மறுப்புக் கடிதம் பெரும்பாலும் முதலாவதைக் காட்டிவிட்டு இரண்டாவதை நிரூபித்துவிட்ட மாதிரி பேசும்.

சரி, பம்புக்கு வருவோம். இன்றைய டீசல் எஞ்சினில் எரிபொருள் சுமார் 2,000 பார் அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் தயாராக நிற்கும், அங்கிருந்து இன்ஜெக்டர்கள் அதைப் பனிபோலச் சிலிண்டருக்குள் தெளிக்கும். 2,000 பார் என்பது கடலிலேயே மிக ஆழமான மரியானா அகழியின் அடியில் இருக்கும் அழுத்தத்தைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதை உண்டாக்குவது ஊசி சிரிஞ்ச் போன்ற ஒரு சின்ன உலக்கைதான். சுழலும் தண்டில் இரண்டு மேடுகள் இருக்கும், ஒவ்வொரு மேடும் வரும்போது ஒரு உருளை அதன்மேல் ஏறி உலக்கையை மேலே தள்ளும், இறங்கும்போது ஒரு ஸ்பிரிங் உலக்கையைக் கீழே கொண்டுவரும். பிக்கப்களில் வரும் வகையில் இப்படி இரண்டு உலக்கைகள். இதற்கு எஞ்சின் ஆயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசலேதான் மசகு, அதேதான் குளிர்விக்கும் திரவமும்.

இதில் ஒரு பலவீனம் இருக்கிறது. உருளையைத் தாங்கும் கிண்ணம் தன் துளைக்குள் திரும்பிவிடாதபடி பூட்டி வைக்கும் அமைப்பு இந்தப் பம்பில் இல்லை. உருளை தண்டுக்கு இணையாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. பம்புக்குள் காற்று புகுந்தாலோ எரிபொருள் போதாமல் போனாலோ கிண்ணம் தண்டைவிட்டு ஒரு கணம் விலகி, கொஞ்சம் திரும்பி உட்கார்ந்துவிடலாம். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் ஒரு சக்கரம் மட்டும் குறுக்கே திரும்பிக்கொண்டால் என்ன ஆகும்? உருளாது, தரையைத் தேய்த்துக்கொண்டே வரும். இங்கேயும் அதேதான், ஆனால் தரைக்குப் பதில் கடினப்படுத்திய எஃகு. மேடு சீவப்படும், எஃகுத் தூள் பறக்கும். அப்புறம் நடப்பதுதான் கொடுமை: பம்பின் வயிற்றுக்குள் சுற்றி வரும் டீசல்தான் அடுத்து உலக்கைக்கும் போகிறது, அதனால் தூள் நேராக இன்ஜெக்டர்களுக்குப் போய்ச் சேரும், மிச்சம் திரும்பும் குழாய் வழியாக டேங்குக்கு. ஒரு சின்ன உருளை திரும்பியதற்கு முழு எரிபொருள் அமைப்பையும் தூக்கிப் போட வேண்டியிருப்பது இதனால்தான்.

இந்தப் பம்புக்கு முந்திய சிபி3 இவ்வளவு சீக்கிரம் சாகாது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் டியூராமேக்ஸ் எஞ்சினில் 2011 முதல் 2016 வரை சிபி4 போட்டது, அந்த வண்டிகளில் டேங்கிலிருந்து தள்ளிவிடும் துணைப் பம்ப்கூட இல்லை, சிபி4 தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். 2017இல் வேறு நிறுவனத்தின் பம்புக்கு மாறிவிட்டார்கள். ராம் பிக்கப்களில் 2019, 2020 மாடல்களுக்கு மட்டும் சிபி4 வந்தது, 2021 இறுதியில் 2 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பழைய சிபி3யையே மாட்டிக் கொடுத்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் மீதான கூட்டு வழக்கு 2024இல் 5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது (குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை, சமரசம் என்பது சமரசம்தான்). ‘உங்கள் ஒரு வண்டியில்தான் கெட்ட டீசல்’ என்று யாராவது சொன்னால் இந்த வரலாற்றை ஞாபகத்தில் வையுங்கள்.

இனி டீசலின் வழவழப்பு. 2006இலிருந்து அமெரிக்காவில் சாலை டீசலின் கந்தகம் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஆனது, அதற்கு முன் 500 வரை அனுமதி. கந்தகம்தான் வழவழப்பைக் கொடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள், அது அப்படி இல்லை. கந்தகத்தை நீக்க ஹைட்ரஜனோடு சூடாக்கும்போது, உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு மெல்லிய படலமாக நிற்கும் வேறு சில மூலக்கூறுகளும் சேர்ந்து அழிந்துவிடுகின்றன, வழவழப்பு போவது அதனால்தான். அதை ஈடுகட்ட விற்பனைக்கு முன் சேர்மானம் கலக்கிறார்கள். போதுமா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை 200 கிராம் எடையோடு ஒரு தட்டில் அழுத்தி, 60 டிகிரி சூட்டில் இருக்கும் டீசலுக்குள் நொடிக்கு 50 முறை, 75 நிமிஷம் முன்னும் பின்னும் தேய்ப்பார்கள், கடைசியில் குண்டில் விழுந்த தேய்மானத் தழும்பை மைக்ரோஸ்கோப்பில் அளப்பார்கள். அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் டி975 அந்தத் தழும்பு 520 மைக்ரான் வரை இருக்கலாம் என்கிறது. ஐரோப்பியத் தரத்தில் 460தான். சிபி4 ஐரோப்பிய டீசலை மனதில் வைத்து வடிவமைத்த பம்ப், அமெரிக்க டீசல் அதைவிட வறட்சியானது என்பதுதான் வழக்குப் போட்டவர்களின் மைய வாதம். எனக்கும் அதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது: அமெரிக்காவில் விற்கும் வண்டி அமெரிக்க பெட்ரோல் பங்க்கில் கிடைக்கிற டீசலில் ஓட வேண்டாமா?

தண்ணீர் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. தண்ணீரில் வழவழப்பு கிடையாது, அத்தனை அழுத்தத்தில் அது படலமாக நிற்காது, உலோகம் உலோகத்தோடு உரசும். நாள்கணக்கில் தேங்கினால் துருவும் பிடிக்கும். நிஜமாகவே தண்ணீரால் செத்த பம்புகள் உண்டு. ஆனால் எவ்வளவு தண்ணீர் என்ற கேள்வியை விடக்கூடாது. டி975 தரத்தில் தண்ணீரும் கசடும் சேர்ந்து 0.05 சதவீதம் வரை இருக்கலாம். கேட்கச் சின்ன எண்தான், ஆனால் 130 லிட்டர் டேங்குக்குக் கணக்குப் போட்டால் 65 மில்லி வருகிறது, ஒரு சின்ன காபி டம்ளரில் பாதிக்கு மேல். ஓனர் கையேடு போடச் சொன்ன தரத்திலேயே அத்தனை இருக்கலாம், அதைப் பிரித்து வடிக்கத்தான் வண்டியில் தண்ணீர் பிரிப்பான் வைத்திருக்கிறார்கள். பிரிப்பானிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் வந்தது என்றால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பிரிப்பானின் அடியில் ஒரு சென்சார் இருக்கும். டீசல் மின்சாரத்தைக் கிட்டத்தட்ட கடத்தாது, தண்ணீர் கடத்தும், அதனால் அடியில் தேங்கிய தண்ணீர் சென்சாரைத் தொட்டதும் டாஷ்போர்டில் விளக்கு எரியும், வண்டியின் கம்ப்யூட்டரில் பி2269 போன்ற ஒரு பிழைக் குறியீடு பதிவாகும். முதலில் கேட்க வேண்டியது இந்தப் பதிவுகளைத்தான். பொதுக் குழாயில் அழுத்தம் குறைந்ததைச் சொல்லும் பி0087 மட்டும் இருந்து, தண்ணீரைச் சொல்லும் குறியீடு ஒருநாளும் வந்ததில்லை என்றால் மறுப்பில் ஓட்டை இருக்கிறது. முழு ஓட்டை என்று சொல்லமாட்டேன், டீசலோடு பால்போலக் கலந்துவிட்ட தண்ணீர் சென்சாருக்குத் தெரியாமல் கடந்து போகலாம். ஆனால் அப்படித்தான் நடந்தது என்று அவர்கள் காட்டட்டும்.

அடுத்தது துரு. மறுப்புக் கடிதத்தோடு பெரும்பாலும் ஒரு போட்டோ வரும், பம்பின் பாகத்தில் காவி நிறப் புள்ளிகள். அந்தப் போட்டோவை எடுத்த தேதியையும் பம்பைக் கழற்றிய தேதியையும் கேளுங்கள். டீசல் துடைக்கப்பட்ட எஃகு ஈரக்காற்றில் மேஜைமேல் கிடந்தால் துருப்பிடிக்க மாதக்கணக்கில் ஆகாது. அதிலும் புதிதாகச் சீவப்பட்ட எஃகுத் தூளின் பரப்பு எடையோடு ஒப்பிட்டால் மிக அதிகம், அது முதலில் சிவக்கும். அதாவது உடைந்ததற்குப் பிறகு வந்த துருவை உடைந்ததற்குக் காரணமாகக் காட்டிவிட முடியும். தண்ணீர்தான் முந்தியது என்றால் தடயம் வேறு மாதிரி இருக்க வேண்டும்: பம்புக்கு முன்னால் இருக்கும் இடங்களிலும், பிரிப்பானின் கிண்ணத்திலும், ஃபில்டர் கூட்டிலும் துருவோ அரிப்போ தெரிய வேண்டும். அங்கெல்லாம் பளபளவென்று இருந்து, பம்புக்குப் பின்னால் மட்டும் பளிச்சென்ற உலோகத் தூள் என்றால், பிரச்சினை பம்பில் தொடங்கியது என்று சொல்ல இடமிருக்கிறது. நல்ல மெக்கானிக், பம்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் அளவீட்டு வால்வைக் கழற்றி அதன் வலையில் மினுமினுப்பு இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

தண்ணீர் என்று சொல்லிவிட்டு யூரியாவைக் காட்டுகிற வழக்கும் உண்டு. புகை சுத்திகரிப்புக்கு ஊற்றும் திரவத்தில் 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் தண்ணீர். அதைத் தவறுதலாக டீசல் டேங்கில் ஊற்றினால் அது நிஜமாகவே உங்கள் தப்பு, வெள்ளைப் படிகங்கள் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆக, எல்லாமே டேங்கில் இருக்கும் டீசலிலும் கழற்றிய பாகங்களிலும்தான் இருக்கிறது, இரண்டையும் டீலர் தூக்கிப் போட்டுவிட்டால் உங்களிடம் பேச ஒன்றும் இல்லை. மறுத்த அன்றே எழுத்தில் கேளுங்கள்: பழைய பம்பையும் ஃபில்டரையும் எங்கும் திருப்பி அனுப்பாதீர்கள், டேங்கைக் காலி செய்யுமுன் எனக்கு டீசல் மாதிரி வேண்டும். சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் டேங்கின் அடியிலிருந்து ஒரு லிட்டர் எடுத்து, தேதி போட்டு, ஆடாமல் வைத்துவிடுங்கள். தண்ணீர் டீசலைவிட கனம், இருந்தால் சில மணி நேரத்தில் அடியில் கோடு போட்ட மாதிரி பிரிந்து நிற்கும், அதை டீலர் ஆளை வைத்துக்கொண்டே போட்டோ எடுங்கள். பிறகு பாதியை ஒரு தனி ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கார்ல் ஃபிஷர் முறை பத்து லட்சத்தில் சில பங்கு தண்ணீரைக்கூட அளந்துவிடும், மேலே சொன்ன தேய்மானச் சோதனைக்கு 2 மில்லி டீசல் போதும். டீசல் போட்ட கார்டு ரசீதுகள், ஃபில்டர் மாற்றிய பில்கள் எல்லாம் கூடவே.

சட்டம் உங்களுக்குச் சாதகமாகவும் இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது. 1975இன் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டப்படி, வெளிக்கடை ஃபில்டர் போட்டதை மட்டுமே காரணம் காட்டி வாரண்டியை மறுக்க முடியாது, அந்த ஃபில்டர்தான் சேதத்தை உண்டாக்கியது என்று நிறுவனம் காட்ட வேண்டும். ஆனால் கெட்ட எரிபொருளால் வந்த சேதத்தை வாரண்டி ஏற்காது என்று கையேட்டில் எழுதியிருப்பது செல்லும், சண்டை முழுக்கக் காரணம் எது என்பதில்தான். ஜெயித்தால் வக்கீல் செலவையும் நிறுவனத்திடமிருந்து வாங்கித்தர அதே சட்டம் நீதிமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. அதற்கு முன் பிபிபி ஆட்டோ லைன் என்ற நடுவர் ஏற்பாடு பல நிறுவனங்களின் வண்டிகளுக்கு உண்டு, தீர்ப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். சிறு வழக்கு மன்றமும் ஒரு வழி, உதாரணமாக டெக்ஸாஸில் அது 20,000 டாலர் வரை விசாரிக்கும், ஒரு எரிபொருள் அமைப்பின் பில் அதற்குள் அடங்கிவிடும்.

இன்னொரு வேடிக்கை. விபத்து அல்லாத சேதங்களுக்கும் சேர்த்து காப்பீடு எடுத்திருந்தால், கெட்ட டீசலுக்குச் சில சமயம் அதில் பணம் கிடைக்கும், அதனால் பலர் மறுப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டு காப்பீட்டாரிடம் போகிறார்கள். அவர்கள் பார்த்துவிட்டு, இது எரிபொருளால் வந்தது இல்லை, இயந்திரக் கோளாறு, வாரண்டியில் கேளுங்கள் என்று எழுதிக் கொடுப்பதும் உண்டு. அப்படி ஒரு கடிதம் கைக்கு வந்தால் வருத்தப்பட வேண்டாம். ஒருவர் டீசல்தான் காரணம் என்கிறார், இன்னொருவர் பம்ப்தான் என்கிறார். இரண்டு கடிதங்களையும் பின்செய்து, பாட்டில் போட்டோவை மேலே வைத்து நடுவரிடம் அனுப்புங்கள்.