மல்லாந்து கிடக்கும் டாரன்டுலா

டாரன்டுலா என்னும் பெரிய மயிரடர்ந்த சிலந்தியை வளர்ப்பவர்களில் பலர் ஒருமுறையாவது இப்படிப் பதறியிருப்பார்கள். காலையில் பெட்டிக்குள் பார்த்தால் சிலந்தி மல்லாந்து கிடக்கும். எட்டுக் காலும் மேலே, அசைவே இல்லை. செத்துப்போச்சு என்று எடுத்துப் போடக் கை போகும். அந்தக் கைதான் ஆபத்து. சிலந்தி சாகவில்லை, சட்டை உரிக்கப் படுத்திருக்கிறது.

சாகும் சிலந்தி பெரும்பாலும் மல்லாந்து படுக்காது. நின்ற வாக்கிலேயே கால்களை வயிற்றுக்கடியில் சுருட்டிக்கொள்ளும். காரணம் அதன் கால்களில் இருக்கிறது. நம் முழங்கையை மடக்க ஒரு தசை, நீட்ட இன்னொரு தசை. சிலந்திக் காலின் முக்கியமான இரண்டு மூட்டுகளில் மடக்கும் தசை மட்டும்தான் உண்டு. நீட்ட வேண்டுமானால், உடலின் முன்பகுதியை இறுக்கி ரத்தத்தைக் காலுக்குள் தள்ள வேண்டும். (ரத்தம் என்றாலும் சிவப்பு இல்லை, செம்பு கலந்த ஹீமோசயனினால் லேசான நீலம்.) அழுத்தம் குறைந்தால் கால் தானாக மடங்கிவிடும். உடம்பில் நீர் வற்றினாலும் இதே கதிதான். அந்த நிலையில், வாய் மட்டும் தண்ணீரில் படும்படி ஆழமில்லாத தட்டின் விளிம்பில் வைத்தால் சில சமயம் பிழைத்துக்கொள்ளும். வயிறு மூழ்கக் கூடாது, சுவாச உறுப்புகள் அதன் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன.

சட்டை உரிப்பதும் இதே அழுத்தத்தால்தான். வயிற்றிலிருந்து திரவம் முன்பகுதிக்கு ஏற, முதுகோடு டப்பா மூடி மாதிரி திறந்துகொள்கிறது. அப்புறம் கையுறையிலிருந்து விரலை உருவுவதுபோல் ஒவ்வொரு காலாக உருவி எடுக்கிறது. பெரிய சிலந்திக்கு இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். வெளியே வந்ததும் நச்சுப்பற்களைப் பாருங்கள், பால்வெள்ளையாக இருக்கும். அது சிவந்து, கறுத்து, கெட்டியாகும்வரை இரை போடக் கூடாது. மெத்தென்று கிடக்கும் சிலந்தியை ஒரு சில்வண்டே கடித்துத் தின்றுவிடும்.

இதற்கு முன்னறிகுறிகள் உண்டு. வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் சாப்பிடாது. வயிறு உப்பியிருக்கும் வரை கவலை வேண்டாம். அமெரிக்கக் கண்டத்து இனங்கள் பயந்தால் பின்காலால் வயிற்றைத் தேய்த்து அரிப்பூட்டும் மயிரைப் பறக்கவிடும் (கண்ணில் பட்டால் டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்). அப்படி உதிர்ந்த இடம் வழுக்கையாகிவிடும். அந்த வழுக்கை திடீரென்று கறுத்தால் நாள் நெருங்கிவிட்டது. பழைய தோலுக்கடியில் முளைத்த புது மயிர்தான் அப்படிக் கறுப்பாகத் தெரிகிறது.

சுவர் சுவராக ஏறுவது வேறு விஷயம். புது வீடு பழகாததாலோ, அடிமண் ஈரம் பிடிக்காததாலோ இருக்கும். மண்ணில் வாழும் கனத்த இனமானால் பெட்டி உயரம் குறைவாக இருக்கட்டும். கொஞ்ச உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு கிழிந்துவிடலாம்.

உரித்துப்போட்ட சட்டையை எறிந்துவிடாதீர்கள். ஈரப்படுத்தி விரித்தால், வயிற்றின் உட்புறத்தில், முன்னிரண்டு புத்தக நுரையீரல்களுக்கு (புத்தகத் தாள் மாதிரி அடுக்கடுக்கான சுவாச உறுப்புகள்) நடுவே, ஒரு சின்னப் பை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பெண், பல இனங்களில் 20 வருஷத்துக்கு மேலும் கூட உயிரோடு இருக்கும். ஆண் என்றால் கடைசி உரிப்புக்குப் பிறகு சாப்பாட்டை மறந்து இரவெல்லாம் பெட்டியைச் சுற்றும். அது நோய் இல்லை, துணை தேடுகிறது. மூடியை மட்டும் இறுக்கமாக வையுங்கள்.