மருந்தை வெளியே தள்ளும் கிருமி

பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் பிராய்லர் பண்ணையில் சூப்பர்வைசராக இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒவ்வொரு பேட்ச் கோழி போனதும் ஷெட்டைக் கழுவி மருந்து அடிக்கிறோம். வாசலில் கால் நனைக்கத் தொட்டியும் வைத்திருக்கிறோம். அப்படியும் ஈ.கோலை விட்டபாடில்லை. கிருமிநாசினிக்கே கிருமி பழகிவிடுமா சார்?"

பழகும். எவ்வளவு தூரம் என்பதில்தான் விஷயம்.

பண்ணைகளில் பரவலாகப் புழங்குவது குவாட் (குவாட்டர்னரி அம்மோனியம் என்பதன் சுருக்கம்) வகைக் கிருமிநாசினி. பென்சல்கோனியம் குளோரைடு அதில் பிரபலமானது. அதன் மூலக்கூறுக்கு நேர்மின்னேற்றம் கொண்ட தலை, எண்ணெய்ப்பசையான நீண்ட வால். பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் உடையது என்பதால் தலை ஒட்டிக்கொள்ளும், வால் சவ்வுக்குள் புகும், சவ்வு பொத்தலாகி உள்ளே இருப்பது ஒழுகிவிடும். இதெல்லாம் பள்ளிக்கூட வேதியியல்தான்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. உள்ளே நுழைந்த மருந்தை வெளியே தள்ள பாக்டீரியா பம்பு வைத்திருக்கிறது. ஈ.கோலைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு சவ்வுகள். உள்சவ்வில் இருக்கும் எம்ஆர்ஈ அப்படிப்பட்ட ஒரு புரதம். மொத்தமே 110 அமினோ அமிலங்கள். பம்பு என்று சொல்லவே கூச்சமாக இருக்கும் அளவுக்குப் பொடியன். இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் வேலை செய்யும். அந்த இரண்டில் ஒன்று நேராக நிற்கும், மற்றது தலைகீழாக. ஒரே புரதம் சவ்வில் இரு திசையிலும் செருகப்பட்டிருக்கிறதா என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் சண்டையே போட்டார்கள். அதில் இருக்கும் சாமர்த்தியத்தைப் பாருங்கள். பம்பு ஒருமுறை உள்பக்கம் திறந்திருக்கும், மறுமுறை வெளிப்பக்கம். ஜோடி நேரும் தலைகீழுமாக இருப்பதால் இரண்டு நிலைக்கும் ஒரே வடிவம் போதும். இரண்டு பிரதிகளும் தங்களுக்குள் வேடத்தை மாற்றிக்கொண்டால் வாசல் திசை மாறிவிடுகிறது.

சரி, தள்ளுவதற்குச் சக்தி எங்கிருந்து வருகிறது? புரதச் சங்கிலியில் 14-ஆவது இடத்தில் ஒரு குளூட்டாமிக் அமிலம் இருக்கிறது, எதிர்மின்னேற்றத்தோடு. ஜன்னலோர சீட் ஒன்று, ஆசைப்படுபவர்கள் இரண்டு பேர்: புரோட்டானும் மருந்தும். இரண்டுமே நேர்மின். செல் சுவாசிக்கும்போதே புரோட்டான்களை வெளியே அனுப்பி வைப்பதால் வெளியே அவை நெருக்கியடிக்கும், உள்ளே குறைவு. வாசல் உள்பக்கம் திறந்ததும் புரோட்டான்கள் கழன்றுகொள்ள, மருந்து உட்காருகிறது. வாசல் வெளிப்பக்கம் திரும்பியதும் அங்கே காத்திருக்கும் புரோட்டான்கள் மருந்தை எழுப்பிவிட்டுத் தாங்கள் உட்காருகின்றன. ஒரு மருந்து மூலக்கூறு போக இரண்டு புரோட்டான்கள் உள்ளே வரும். செல்லின் எரிபொருளான ஏடிபி தனியாகச் செலவில்லை. இவ்வளவு சிக்கனமான இயந்திரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்படி உள்சவ்வைத் தாண்டிய மருந்தை ஏசிஆர்ஏபி-டால்சி என்ற பெரிய பம்பு வெளிச்சவ்வுக்கும் அப்பால் கொண்டுபோய்க் கொட்டிவிடும். வில்லங்கம் இங்கேதான். டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால் போன்ற ஆன்டிபயாடிக்குகளையும் அதே பம்பு தள்ளும். குவாட்டுக்காகப் பம்பைக் கூட்டிக்கொண்ட கிருமி, கேட்காமலே அவற்றையும் கொஞ்சம் தாங்கும்.

இன்னொரு வேடிக்கை. பாக்டீரியாத் தொற்றுக்கான சல்ஃபா மருந்தையும் பென்சல்கோனியத்தையும் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஜெர்மானியரான கெர்ஹார்ட் டோமாக். இரண்டும் வெளியானது 1935-இல். இன்று இன்டெக்ரான் எனப்படும் மரபணுத் துண்டுகளில், சல்ஃபாவை எதிர்க்கும் மரபணுவும் குவாட் பம்பு மரபணுவின் வெட்டுப்பட்ட ஒரு வடிவமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றாகவே ஊர் சுற்றுகின்றன.

இதையெல்லாம் ஆராய்ந்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு: நம்மூர் பெங்களூரில் பஸ்காரர்கள் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில்தான், ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமியின் க்யூஏசிஏ பம்பின் வடிவத்தைப் படம்பிடித்து 2023-இல் வெளியிட்டார்கள். 2021-இல் அதே கிருமியின் நார்சி என்ற இன்னொரு பம்பை ஒட்டகத்தின் எதிர்ப்புப் புரதத்தால் அடைத்துக் காட்டினார்கள். இப்படிப்பட்ட வேலைக்குக் காசு கொடுக்கத் தயங்குவதும், பிறகு மருந்து பலிக்கவில்லை என்று புலம்புவதும் நமக்கே உரிய பழக்கம்.

வாசகரின் ஷெட்டுக்கு வருவோம். லேபிளில் சொன்னபடி கலந்தால் லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராம் அளவில் குவாட் இருக்கும். பம்பு வைத்திருக்கும் ஈ.கோலைகூடப் பொதுவாகச் சில பத்து மில்லிகிராமுக்கு மேல் வளராது. ஆகவே சரியான கலவையில் கிருமி சாகத்தான் வேண்டும். எச்சமும் சேறும் கலந்து கறுத்த தொட்டித் தண்ணீர், கண்ணளவில் ஊற்றிய மருந்து, தரையில் தேங்கிய கழுவுநீர், குடிநீர்க் குழாயின் உள்ளே படிந்த வழவழப்பு: பம்புக்கு வேலை கிடைப்பது இங்கெல்லாம்தான். வாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணிக்காயால் எந்தக் கிருமியும் பழகுவதில்லை, அந்த வகையில் அது அரைகுறைக் கலவையைவிட மேல்.

கூளத்தை அள்ளிச் சுரண்டிய பிறகே கழுவுங்கள். சோப்பு எதிர்மின் வகையாக இருந்தால் குவாட்டைச் செல்லாததாக்கிவிடும், சுத்தமாக அலசிவிட்டு, தரை காய்ந்தபின் மருந்து அடியுங்கள். உங்கள் போர்வெல் தண்ணீர் கடினநீரா என்று சோதியுங்கள். கால்சியமும் மெக்னீசியமும் குவாட்டின் வீரியத்தைக் குறைக்கும். தொட்டித் தண்ணீர் கலங்கினால் அன்றைக்கே மாற்றுங்கள். இடையிடையே குளூட்டரால்டிஹைடு அல்லது பெரசெட்டிக் அமிலத்துக்கு மாறலாம். அவை தொட்ட இடத்திலேயே வேதிவினை புரிந்துவிடுவதால் பம்பு பிடித்துத் தள்ள ஏதும் மிஞ்சாது. ஆனால் குவாட்டோடு பெரசெட்டிக் அமிலத்தை ஒரே வாளியில் கலக்க வேண்டாம், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இரண்டையும் தொடவும் வேண்டாம்.