பர்ஸா, துப்பாக்கியா? அரை நொடியில் மூளை போடும் கணக்கு

1999 பிப்ரவரி 4. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், தன் வீட்டு வாசலில் நின்ற அமடூ டியாலோ என்ற 23 வயதுக் கறுப்பின இளைஞரை மஃப்டியில் இருந்த 4 போலீஸ்காரர்கள் சுட்டார்கள். பாய்ந்து வந்த 41 குண்டுகளில் 19 அவர் உடலில் பட்டன. அவரிடம் ஆயுதம் இல்லை, பர்ஸ்தான் இருந்தது. அடுத்த ஆண்டே நால்வரும் விடுதலையானார்கள்.

பர்ஸ் எப்படித் துப்பாக்கியாகத் தெரிகிறது? கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஜோஷுவா கோரெலும் அவர் குழுவினரும் இதை ஒரு வீடியோ கேம் வைத்துச் சோதித்து, 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். திரையில் பூங்கா, ரயில் நிலையம் என ஆளில்லாத காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். திடீரென ஒரு வெள்ளையரோ கறுப்பரோ தோன்றுவார். கையில் துப்பாக்கி இருக்கலாம், செல்போனும் இருக்கலாம். துப்பாக்கி என்றால் சுட ஒரு பொத்தான், இல்லையென்றால் விட்டுவிட இன்னொன்று.

ஆயுதம் வைத்திருக்கும் கறுப்பரைச் சுடும் முடிவு வேகமாக வந்தது. ஆயுதமில்லாத வெள்ளையரை விட்டுவிடும் முடிவும் அப்படித்தான். பொத்தானை அழுத்தும் அவகாசத்தை 0.63 நொடியாகக் குறைத்ததும் தடுமாற்றம் தவறாக மாறியது. ஆயுதமில்லாத கறுப்பர்கள் கூடுதலாகச் 'சுடப்பட்டார்கள்'. விளையாடிய கறுப்பர்களிடமும் இதே சாய்வு தெரிந்தது. ஆகவே இதை வெறும் இனவெறுப்பு என்று சொல்லி முடித்துவிட முடியாது. 'கறுப்பர் என்றால் ஆபத்து' என்று ஊரெல்லாம் புழங்கும் பிம்பம், நாம் அதை நம்பாவிட்டாலும் மண்டைக்குள் தயாராகக் கிடக்கிறது. யோசிக்க நேரம் இல்லாதபோது அது முந்திக்கொள்கிறது.

சரி, பயிற்சி பெற்ற போலீஸ்? டென்வர் போலீஸாரை உட்காரவைத்து அதே குழு 2007இல் வெளியிட்ட முடிவு சுவாரஸ்யமானது. வேகத்தில் பொதுமக்களிடம் இருந்த அதே சாய்வு அவர்களிடமும் இருந்தது, ஆனால் சுடுவதா வேண்டாமா என்ற முடிவில் அது வெகுவாகக் குறைந்திருந்தது. முதலில் எழும் உந்துதலை அடக்கிக்கொள்ளப் பயிற்சி கைகொடுத்திருக்கிறது. ஆனால் கணினித் திரை வேறு, இருட்டுத் தெரு வேறு.

அப்புறம், எல்லாப் பயிற்சியும் ஒன்றல்ல. 2018இல் நியூயார்க் போலீஸ் தன் அதிகாரிகளுக்கு மறைமுகப் பாகுபாடு, அதாவது நம்மை அறியாமலே மனதில் இருக்கும் சாய்வு பற்றி வகுப்பு எடுத்தது. விஷயம் புரிந்தது என்று சொன்னவர்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் தெருவில் யாரை நிறுத்துகிறார்கள், யாரைக் கைது செய்கிறார்கள் என்ற இன வேறுபாட்டில் வகுப்பின் தாக்கம் எதுவும் புலப்படவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. வகுப்பறையில் கேட்டது நினைவுக்கு வரவே சில நொடிகள் வேண்டும், தெருவில் அந்த நொடிகள்தான் இருப்பதில்லை.

ஆகவே அந்த நொடிகளை உண்டாக்குவதே உருப்படியான வழி. கத்தியோடு 21 அடி தூரத்தில் இருப்பவர் 1.5 நொடியில் பாய்ந்துவிடுவார் என்று சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983இல் எழுதினார். எச்சரிக்கையாகச் சொன்னது, பல பயிற்சிக் கூடங்களில் '21 அடிக்குள் வந்தால் சுடு' என்பதுபோல் ஆகிவிட்டது. 2016இல் வந்த ஐகேட் என்ற பயிற்சி இதற்கு நேர் எதிர்: பின்வாங்கு, கார் மறைவில் நில், பேச்சுக் கொடு. லூயிவில் நகரில் இதன் பிறகு பலப்பிரயோகச் சம்பவங்கள் சுமார் 28 சதவீதம் குறைந்தன. அதிகாரிகளுக்கு ஏற்படும் காயங்கள் 36 சதவீதம் குறைந்தன. அந்தக் கணக்கில் துப்பாக்கிச்சூடு மட்டுமல்ல, எல்லா வகைப் பலப்பிரயோகமும் அடக்கம். கறுப்பர், வெள்ளையர் இடைவெளி குறைந்ததா என்பதற்கு இந்த எண்கள் பதில் ஆகாது.