கருத்தரிப்புச் சிகிச்சை மானியம்: கணவரின் பரிசோதனை ஏன் முதலில் நடக்க வேண்டும்

குழந்தை தாமதமானால் நம் குடும்பங்களில் முதலில் மருத்துவரிடம் அனுப்பப்படுபவர் மனைவிதான். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே என்று அவர் அலைந்து முடித்த பிறகே, "மாப்பிள்ளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டுமே" என்ற பேச்சு மெல்ல எழுகிறது. கருத்தரிக்காத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. சிங்கப்பூரில் இந்தத் தாமதம் பணத்தையும் தின்றுவிடும். குறை கணவரிடம் இருந்தாலும், அரசாங்க மானியத்திற்கான வயது வரம்பு மனைவியின் வயதை வைத்தே கணக்கிடப்படுகிறது.

சுகாதார அமைச்சின் இந்த மானியம் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை ஆகியவற்றில் செய்துகொள்ளும் சிகிச்சைக்கே கிடைக்கும். தனியார் மருத்துவமனைக்குப் போனால் கிடையாது. சட்டப்படி மணமானவர்களாக இருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது சிங்கப்பூர்க் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருக்க வேண்டும்.

கருமுட்டையை வெளியே எடுத்து விந்தணுவுடன் சேர்த்துக் கருவாக்குவதே செயற்கைக் கருத்தரிப்பு. இருவருமே குடிமக்கள் என்றால், கருமுட்டை எடுப்பதில் தொடங்கும் அதன் ஒரு முழுச் சுற்றுக்குக் கட்டணத்தில் 75 விழுக்காடு கிடைக்கும். உச்ச வரம்பு 7,700 சிங்கப்பூர் வெள்ளி. உறையவைத்த கருவைப் பயன்படுத்தும் சுற்றுக்கு வரம்பு 2,200 வெள்ளி. இரு வகையிலும் மும்மூன்று சுற்றுகள் உண்டு. துணைவர் நிரந்தரவாசி என்றால் 55 விழுக்காடு, வெளிநாட்டவர் என்றால் 35 விழுக்காடு. வரம்புகளும் அதற்கேற்பக் குறையும். ஊரிலிருந்து பெண் எடுத்து, அவர் இன்னும் நீண்டகால வருகை அனுமதியில் இருக்கும் குடும்பங்கள் இந்தக் கடைசிப் பிரிவில் வருகின்றன. இருவருமே நிரந்தரவாசிகள் என்றால் மானியம் இல்லை.

விழுக்காட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. குடிமக்கள் தம்பதிக்கு ஒரு முழுச் சுற்றின் கட்டணம் 12,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 75 விழுக்காடு 9,000 ஆகிறது; ஆனால் வரம்பு 7,700 என்பதால் நீங்கள் கட்ட வேண்டியது 4,300. இதற்கு மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கு கைகொடுக்கும். முதல் முறை 6,000, இரண்டாம் முறை 5,000, அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 4,000 வெள்ளி வரை எடுக்கலாம். வாழ்நாள் வரம்பு 15,000. கணவரின் கணக்கிலிருந்தும் எடுக்கலாம். மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியை மட்டும் நம்ப வேண்டாம். கருத்தரிப்புச் சிகிச்சை அதில் சேராது.

இனி வயது. மனைவிக்கு 40 ஆவதற்குள் சுற்று தொடங்க வேண்டும் என்பதே பொது விதி. 2020 முதல் ஒரு தளர்வு உண்டு: 40 வயதுக்கு முன்பே செயற்கைக் கருத்தரிப்பையோ, விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் எளிய சிகிச்சையையோ முயன்றவர்களுக்கு, ஆறு சுற்றுகளில் இரண்டுக்கு 40 வயதுக்குப் பிறகும் மானியம் கிடைக்கும். அந்த எளிய சிகிச்சைக்கும் அதே ஆண்டு முதல் மானியம் வந்தது; குடிமக்கள் தம்பதிக்கு 75 விழுக்காடு, சுற்றுக்கு 1,000 வெள்ளி வரை, மூன்று முறை. மனைவிக்கு 38, 39 ஆகும்போது கணவர் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது எத்தகைய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இது மனம் பொறுக்காத விஷயம்.

அந்தப் பரிசோதனையோ மிக எளிது. இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டு, பெயர் ஒட்டிய சிறு குப்பியில் விந்தைச் சேகரித்துத் தர வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுபோக ஆய்வகம் அனுமதித்தால், சட்டைக்குள் உடல் சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்திற்குள் சேர்ப்பிக்க வேண்டும். முதலில் வரும் பகுதியில்தான் விந்தணுக்கள் அதிகம். சிறிது சிந்திப் போயிருந்தாலும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். சாதாரண ஆணுறையைப் பயன்படுத்தினால் முடிவே கெட்டுவிடும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, ஒரு மில்லிலிட்டரில் 16 மில்லியன் விந்தணுக்கள், அவற்றில் 42 விழுக்காட்டுக்கு அசைவு, 4 விழுக்காட்டுக்கு இயல்பான வடிவம் என்பவை கீழ் எல்லைகள். இதற்குக் கீழே வந்தால் குழந்தையே பிறக்காது என்று பொருளல்ல. விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும் என்பதால், இடையில் வந்த கடுங்காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம். ஒரே அறிக்கையைக் கண்டு உடைந்துபோகாமல் மீண்டும் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும்.

குறை உறுதியானாலும் வழிகள் இருக்கின்றன. விதைப்பையில் ரத்தநாளங்கள் புடைத்திருப்பது அடிக்கடி காணப்படும் காரணம். தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம். உடற்பயிற்சிக் கூடத்தில் தசை வளர்க்க டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடும் இளைஞர்களுக்கு விந்தணு உற்பத்தி அடியோடு நின்றுவிடலாம்; இதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்தினால் பலருக்கு மீண்டுவிடுகிறது, ஆனால் மாதக்கணக்கில் ஆகும். விந்தில் ஓர் அணுவும் இல்லாதவர்களுக்குக்கூட, சிலருக்கு விதையிலிருந்தே அறுவை முறையில் எடுத்து, ஒரு கருமுட்டைக்குள் ஒரே அணுவைச் செலுத்தும் இக்சி முறையில் கரு உருவாக்க முடிகிறது. இந்த நாட்டுக்கு இத்துறையில் நல்ல பெயர் உண்டு. சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1983இலேயே பிறந்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம்.

ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால், மனைவிக்கு 35க்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்தே அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றுப் போனால் நிபுணரிடம் மானியக் கட்டணம் கிடைக்கும். கடிதம் மனைவியின் பெயரில் மட்டும் போதும் என்று விட்டுவிடாமல் கணவரின் பெயரிலும் ஒன்று கேட்டு வாங்குங்கள். சுற்று தொடங்குமுன், மானியமும் மெடிசேவும் போக எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.