போட்டியாளரை அளக்காமல் பிரிவை மூடாதீர்கள்

ஓராண்டுக்குள் இது மூன்றாவது முறை. பிரிவு ஒன்றை மூடுவதென்று ஏறத்தாழ முடிவெடுத்துவிட்ட இயக்குநர் குழு, ஆலோசகர் என்ற முறையில் என் ஒப்புதலைக் கேட்டு அழைத்திருந்தது. ஆதாரமாக வைக்கப்பட்டது நான்கு கட்டப் படம்: சந்தையின் வளர்ச்சியைச் செங்குத்து அச்சிலும், போட்டியாளரோடு ஒப்பிட்ட சந்தைப் பங்கைக் கிடைமட்ட அச்சிலும் வைத்து, நிறுவனத்தின் பிரிவுகளை நான்காக வகுக்கும் படம். அந்தப் பிரிவு, வளர்ச்சியும் பங்கும் குறைந்த 'நாய்' கட்டத்தில் இருந்தது. படத்தின் அடியில் புரூஸ் ஹெண்டர்சனின் பெயர்.

பொறியியல் படித்து, வெஸ்டிங்ஹவுஸ் மின்பொருள் நிறுவனத்திலும் ஆர்தர் டி. லிட்டில் ஆலோசனை நிறுவனத்திலும் பணியாற்றிய ஹெண்டர்சன், 1963இல் பாஸ்டனில் ஒரு வங்கியின் ஆலோசனைப் பிரிவாகத் தனி ஆளாய்த் தொடங்கியதுதான் பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற மேலாண்மை ஆலோசனை நிறுவனம். ஒரு நிறுவனத்தின் மொத்த உற்பத்தி அனுபவம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், பணவீக்கம் நீக்கிய அலகுச் செலவு ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் வரை குறைய முடியும் என்பது அவர் முன்வைத்த அனுபவ வளைவு. 1970இல் அவர் வெளியிட்ட கட்டப் படம் அதன்மீதே நிற்கிறது.

இதை மறந்துவிட்டு, கிடைமட்ட அச்சில் 'சந்தைப் பங்கு எத்தனை சதவீதம்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த அச்சு கேட்பது, நம் பங்கு மிகப் பெரிய போட்டியாளரின் பங்கைப் போல எத்தனை மடங்கு என்பதை. நமக்கு 12 சதவீதமும் மிகப் பெரிய போட்டியாளருக்கு 6 சதவீதமும் இருந்தால், விகிதம் 2. அந்தச் சந்தையில் நாமே முதல்வர். நமக்கு 30, அவருக்கு 45 என்றால் விகிதம் ஏறத்தாழ 0.67, நாம் பின்தங்கியவர். யார் அதிகமாக உற்பத்தி செய்து பழகியிருக்கிறாரோ அவருக்கே செலவு குறையும் என்பதால்தான், ஒப்பீடு போட்டியாளருடன் செய்யப்படுகிறது. 12 சதவீதத்தைப் பார்த்தவுடன் 'குறைவு' என்று, பங்கு அதிகமானவர்கள் நிற்கும் இடப்பக்கத்திலிருந்து பின்தங்கியவர்களின் வலப்பக்கத்துக்குத் தள்ளுவது கணக்குப் பிழை. அந்தப் பிழைக்கு ஒரு பிரிவே விலையாகிறது.

நான்காவதான 'நாய்' கட்டத்தைப் பற்றி ஹெண்டர்சனும் கனிவாகப் பேசவில்லை. அதிலுள்ள பொருள்கள் தேவையற்றவை என்றே எழுதினார். தீர்ப்பு அவ்வளவு கடுமையானது என்பதாலேயே, யாரை அங்கே நிறுத்துகிறோம் என்பதில் நமக்குக் கவனம் வேண்டும். எங்கள் தொழிலுக்கு வரும் இளையவர்கள் படத்தை வரைவதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அச்சுகளை அளப்பதில் காட்டுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

படத்தை மேசைக்குக் கொண்டுவருமுன், மிகப் பெரிய போட்டியாளரின் விற்பனையைக் கண்டறியுங்கள். வாடிக்கையாளர் உண்மையில் யாரோடு ஒப்பிட்டு வாங்குகிறாரோ அதையே சந்தையின் எல்லையாகக் கொள்ளுங்கள். லாபக் கணக்கோடு நிறுத்திவிடாமல், ஒவ்வொரு பிரிவும் எவ்வளவு ரொக்கம் ஈட்டி எவ்வளவு விழுங்குகிறது என்பதைத் தனியே எழுதுங்கள். நான் பார்த்த அந்தப் பிரிவை இப்படி மீண்டும் அளந்தபோது, விகிதம் 1.4 வந்தது. வளர்ச்சி மெதுவான சந்தையில் அது 'கறவைப் பசு', அதாவது விழுங்குவதைவிட அதிக ரொக்கம் ஈட்டும் பிரிவு. நிறுவனத்தின் இரண்டு புதிய பிரிவுகளுக்குப் போன பணம் முழுவதும் அங்கிருந்தே சென்றுகொண்டிருந்தது. மூடும் தீர்மானத்தைக் குழு திரும்பப் பெற்றுக்கொண்டது. முதல் இரண்டு நிறுவனங்கள் என்னை அழைத்தபோது, அங்கே ஆட்களை வீட்டுக்கு அனுப்பி முடித்திருந்தார்கள்.