சரோகேட் மாடல் – பதிலி மாதிரி

'சரோகேட்' என்றதும் நம் நினைவுக்கு வருவது வாடகைத் தாய். ஆனால் அதில் உள்ள வாடகை தமிழில் நாம் சேர்த்தது. மூலச்சொல்லில் பணமும் இல்லை, தாய்மையும் இல்லை. லத்தீனில் 'ரொகாரே' என்றால் கேட்பது. ரோமாபுரியில் கான்சல் என்ற உயர் ஆட்சியாளர் ஒருவர் பதவிக் காலத்தின் நடுவே இறந்துவிட்டால், அவர் இடத்துக்கு இன்னொருவரை முன்மொழிந்து மக்களின் ஒப்புதலைக் கேட்பார்கள். அதற்குப் பெயர் 'சப்ரொகாரே'. அதன் இன்னொரு வடிவம்தான் 'சர்ரொகாரே'. ஆங்கிலத்தில் அது பிஷப்பின் சார்பாகச் செயல்படும் அதிகாரியைக் குறித்தது. நியூயார்க் மாநிலத்தில் உயில் விவகாரங்களைக் கவனிக்கும் நீதிமன்றம் இன்றும் சரோகேட் கோர்ட்தான்.

கணினிக்குள் இந்தச் சொல் வந்த காரணம் செலவு. விமான இறக்கையின் மேல் காற்று எப்படி ஓடும் என்பதற்குச் சமன்பாடுகள் உண்டு. தீர்க்கத்தான் நேரம் பிடிக்கும். ஆயிரம் வடிவங்களைச் சோதிக்க ஆயிரம் முறை சிமுலேஷன், அதாவது அந்தச் சமன்பாடுகளைக் கணினியில் தீர்க்கும் கணக்கீடு, ஓட்டுவது கட்டுப்படியாகாது. சில முறை மட்டும் ஓட்டி, எதைக் கொடுத்தால் எது வருகிறது என்று ஓர் இயந்திரக் கற்றல் மாதிரிக்குப் பழக்கிவிட்டால், மீதியை அது நொடியில் கணித்துவிடும். இதுவே சரோகேட் மாடல். எமுலேட்டர் என்றும் சொல்வார்கள். இதில் பெரிதும் பயன்படும் கிரிகிங் முறை, தெரிந்த சில புள்ளிகளைக் கொண்டு தெரியாத இடங்களை மதிப்பிடுவது; 1951-இல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் கனிம வளத்தை மதிப்பிட்ட டேனி கிரிகேயின் பெயரைத் தாங்கியது.

இன்று இதன் வலிமையை வானிலையில் பார்க்கலாம். கூகுள் டீப்மைண்ட் 2023-இல் வெளியிட்ட கிராப்காஸ்ட் என்ற இயந்திரக் கற்றல் மாதிரி, தற்போதைய வானிலையையும் ஆறு மணி நேரத்துக்கு முந்தையதையும் வாங்கிக்கொண்டு அடுத்த ஆறு மணி நேரத்தைச் சொல்கிறது. அந்த விடையையே மறுபடி உள்ளே கொடுக்கிறார்கள். 40 முறை இப்படிச் செய்தால் பத்து நாள் முன்னறிவிப்பு, ஒரு நிமிடத்துக்குள். சூப்பர் கம்ப்யூட்டர் செய்யும் வேலை!

ஆனால் அது படித்த பாடம் எங்கிருந்து வந்தது? 1979 முதல் 2017 வரையிலான ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் ஈஆர்ஏ5 தரவு. இயற்பியல் சமன்பாடுகளில் ஓடும் பழைய மாதிரியையும் அளவீடுகளையும் இணைத்து உருவாக்கிய தரவு அது. தொடக்க நிலையையும் பழைய முறையே தருகிறது. கிராப்காஸ்ட் சராசரிப் பிழையைக் குறைக்கப் பழகியதால் நாட்கள் செல்லச் செல்ல அதன் படம் மழுங்குகிறது; புயலின் உச்ச வேகத்தைக் குறைத்துச் சொல்லிவிடுகிறது.

இதனால்தான் 'மாற்று மாதிரி' என்ற மொழிபெயர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. மாற்று என்றால் அசலை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள்படும். இங்கே அசல் இல்லாமல் இது பிறக்கவே முடியாது. 'வாடகை மாதிரி' பேச்சுக்கே இடமில்லை. பொருளளவில் மிக நெருங்கி வருவது இலக்கணத்தின் 'போலி': அறம் அறனாகும்போது ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து நிற்கிறது, பொருள் கெடுவதில்லை. எவ்வளவு பொருத்தமான சொல்! ஆனால் போலி டாக்டர், போலி மருந்து என்று கேட்டுப் பழகிய காதுக்கு 'போலி மாதிரி' மோசடியாகவே ஒலிக்கும்.

எனவே 'பதிலி மாதிரி'. ஒன்றின் இடத்தில் நின்று அதன் வேலையைச் செய்வது பதிலி. அசல் ஒன்று இருக்கிறது என்பதையும் அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. 'பதில்' அரபியின் 'பதல்' வழி வந்தது. அதைத் தவிர்க்க விரும்புவோர், ஒன்றுக்கு ஈடாக நிற்பதைக் குறிக்கும் 'பகரம்' என்ற சொல்லைக் கொண்டு 'பகர மாதிரி' எனலாம். வகுப்பறையில் சட்டென்று புரிவது பதிலிதான்.